தொப்பிக்குள் இரண்டு அரைப்பேர்

1

இந்தக் கதை ஒரு பிழையான பெருக்கலிலிருந்து வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. என் நாட்குறிப்புக் கொப்பியில், 1923 நவம்பர் 21 புதன்கிழமைப் பக்கத்தில், 6/10 × 6/10 = 36/100 என்று எழுதி, குறுக்கே கோடு கிழித்திருக்கிறேன். அதன்கீழே 1/3 என்று இருக்கிறது. அதற்கும் கீழே, அவசரக் கையெழுத்தில், 15/28. இதற்கு அடுத்த தாள் கொப்பியில் இல்லை. கத்தரியால் வெட்டியது. தைத்த இடத்தில் ஒரு விரல் அகல வெள்ளை விளிம்பு மட்டும் நிற்கிறது.

கதை அந்த இல்லாத தாளைப் பற்றியது. வெட்டியவன் நான். வெட்டியது சரியா என்று மூன்று வாரமாக யோசிக்கிறேன். யோசித்து முடியாததால் எழுதுகிறேன்.

கணக்குச் சொல்கிறவன் எப்படிப்பட்டவன் என்று வாசிப்பவருக்கு முதலிலேயே தெரிந்திருப்பது நல்லது. என் பெயர் தாஸிம். வயது பத்தொன்பது. லுணுகலைக்குப் போகும் தெருவில், ஒரு தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் என் மாமாவின் கடை இருக்கிறது. அங்கே நிற்கிறேன். திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் தோட்டத்து மாலை வகுப்பில் படிக்கிறேன். வகுப்பின் புள்ளிப் பட்டியலை எழுதுவதும் நானே. கடைசிச் சோதனையில் ஐந்து கணக்குகளில் இரண்டுதான் எனக்குச் சரியாக வந்தன. (அந்த இரண்டைப் பற்றியும் பிறகு சொல்லவேண்டியிருக்கும்.) ஆகவே கீழே வரும் பின்னங்களை அப்படியே நம்பவேண்டாம். ஒரு கடதாசியில் நீங்களும் போட்டுப் பாருங்கள்.

2

தொடக்கங்கள்.

முதலாவது: "மலைகளை மஞ்சு மூடியிருந்த ஒரு கார்த்திகை மாலையில்..." விட்டுவிட்டேன். இங்கே மஞ்சு எல்லா மாலையிலும்தான் மூடுகிறது.

இரண்டாவது: "துரை தொப்பியைக் கழற்றினார்." நல்ல வாக்கியம். ஆனால் அது கடைசியில் வரவேண்டியது. அங்கே போய்ச் சேரும்வரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மூன்றாவது: "நல்லம்மா கெட்டிக்காரி." இதை நான்கு தடவை எழுதி நான்கு தடவையும் அடித்தேன். கெட்டிக்காரி என்றால் எதில்? யார் சொன்னது? சோதனையில் அவருக்கு ஐம்பதுக்கு இருபத்திரண்டு. தேற இருபத்தைந்து வேண்டும். அந்த இருபத்திரண்டை எழுதியதும் என் கைதான்.

ஆகவே தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன்.

3

எங்கள் வகுப்பு பழைய கோப்பி ஸ்டோரில் நடக்கிறது. கோப்பிச் செடிகள் நோயில் அழிந்து நாற்பது வருடமாகிறது. மழை பெய்தால் பலகைகள் இன்னும் அந்த மணத்தை விடும். நவம்பர் 19 திங்கட்கிழமை, தேயிலைப் பெட்டிக்கான பலகைகளை அடுக்க அந்த இடம் வேண்டும் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சொல்லி அனுப்பினார். எங்களுக்குச் சொல்லித்தரும் ஷுக்ரி மாஸ்டர் பங்களாவுக்குப் போய் நின்று மன்றாடினார். துரைக்குப் பந்தயம் பிடிக்கும். அவர் வைத்த நிபந்தனை இது:

வகுப்பில் இருக்கிற எல்லாருடைய பெயரையும் துண்டுகளில் எழுதவேண்டும். சனிக்கிழமை அவர் வருவார். துண்டுகளைத் தன் தொப்பியில் போட்டு இரண்டை எடுப்பார். பெயர் வந்தவர்களிடம் ஆளுக்கு ஒரு கேள்வி. கணக்கோ வாசிப்போ, அவர் விருப்பம். இருவரும் சரியாகச் சொன்னால் ஸ்டோர் எங்களுக்கு. ஒருவர் தவறினாலும் திங்கட்கிழமை பலகை வந்துவிடும்.

புதன்கிழமை மாஸ்டர் பாடத்தையே மாற்றிவிட்டார். பையிலிருந்து ஐம்பது சதக் காசு ஒன்றை எடுத்துச் சுண்டினார்.

"ராசா தலை விழுமா, விழாதா? விழுறதுக்கு எவ்வளவு இடம் இரிக்கி? இங்கிலீசில இதுக்கு சான்ஸ் எண்டு சொல்லுவாங்க. தமிழில என்ன சொல்லுறதெண்டு எனக்கே தெரியாது."

தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் ரெங்கசாமி பின்வரிசையிலிருந்து சொன்னார்: "அரைப்பேருங்க மாஸ்டர்!"

எல்லோரும் சிரித்தோம். மாஸ்டரும் சிரித்தார். "சரி, அப்படியே வெச்சிக்குவோம். அரைப்பேர்."

[தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு: கொழுந்து எடுக்கிறவர் அன்றைய நாளுக்கு விதித்த இறாத்தலை எடுத்தால் செக்ரோல் புத்தகத்தில் அவருக்கு ஒரு பேர் விழும், அதாவது ஒரு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். விடியலிலிருந்து மலையில் நின்றவர் மாலையில் தராசடிக்கு வந்ததும் பாதி ஆளாகிவிடுவார். அதனால்தான் சிரித்தோம். வேறு காரணம் இல்லை.]

பிறகு மாஸ்டர் கரும்பலகையில் எங்கள் கணக்கையே எழுதினார். படிக்கிறவர் பத்துப் பேர். சோதனையில் தேறியவர் ஆறு, தேறாதவர் நாலு. தொப்பியிலிருந்து இரண்டு துண்டு. இரண்டும் தேறியவர்களாகவே வர சான்ஸ் என்ன?

நான் முந்திக்கொண்டேன். "முதல் துண்டுக்குப் பத்தில ஆறு. ரெண்டாவதுக்கும் பத்தில ஆறு. பெருக்கினா நூத்தில முப்பத்தாறு."

பக்கத்தில் இருந்த அலவி என் கொப்பியை எட்டிப் பார்த்தான். "எடுத்த துண்டத் திரும்பவும் தொப்பிக்குள்ள போடுவாரா தாஸிம்? ஒத்தனயே ரெண்டு தரம் கேக்க துரைக்கு விசரா?"

அவன் சொன்னது சரி. ஒரு துண்டு வெளியே வந்துவிட்டால் உள்ளே ஒன்பதுதான் மிஞ்சும். வந்தவர் தேறியவர் என்றால் உள்ளே தேறியவர் ஐவர். 6/10 × 5/9. தொண்ணூறில் முப்பது. மூன்றில் ஒன்று.

மாஸ்டர் அதைப் பலகையில் எழுதிவிட்டுச் சுண்ணக்கட்டியைக் கீழே வைக்காமல் நின்றார். மூன்று தரம் துரை இந்தப் பந்தயத்தை வைத்தால் இரண்டு தரம் எங்கள் வகுப்பு போய்விடும். துரை ஒரு தரம்தான் வைக்கப்போகிறார். யாரும் சிரிக்கவில்லை.

4

புள்ளிப் பட்டியல், என் கையெழுத்தில் உள்ளபடி:

தேறியவர்: ஸரூக் 41, ரெங்கசாமி 38, அலவி 33, இராக்கம்மா 30, ரெங்கம்மா 29, தாஸிம் 25.

தேறாதவர்: நல்லம்மா 22, இப்றாஹீம் 19, அங்கம்மா 14, இத்ரூஸ் 11.

துண்டு எழுதும் வேலையைத் துரை கணக்கப்பிள்ளை முருகையாவிடம் கொடுத்திருந்தார். அவர் என்னிடம் பெயர்களை மட்டும்தான் கேட்டார். எனக்கு எதையும் பாதியில் விட வராது. பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியும் போட்டேன். ஆனால் பதினொன்று, பதினான்கு என்று எழுதித் தோட்டத்து ஆபீசுக்கு அனுப்ப மனம் வரவில்லை. வகுப்பில் சிரித்த அந்தச் சொல் ஞாபகம் வந்தது. தேறியவருக்கு "முழு" என்றும் தேறாதவருக்கு "அரை" என்றும் எழுதிக் கொடுத்தேன். மரியாதையாகச் செய்ததாகவே நினைத்தேன்.

(இந்த இடத்தில்தான் கதை என் கையை விட்டுப் போயிற்று. அப்போது தெரியவில்லை.)

5

நல்லம்மாவைப் பற்றி.

கொப்பியில் முதலில் "அவள்" என்று எழுதியிருக்கிறேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். இந்தப் பிரதியில் "அவர்" என்று மாற்றுகிறேன். எங்காவது விடுபட்டிருந்தால் அது என் பழக்கம், அவர் குறையல்ல.

கடைக்கார முஸ்லிம்களைத் தோட்டத்தார் நானா என்று கூப்பிடுவார்கள். மாமா பெரிய நானா. என்னை நல்லம்மா "சின்ன நானா" என்பார். சொல்லும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு இருக்கும்.

அவர் வகுப்புக்கு வந்தது தராசுக்காக. வந்த முதல் நாளே மாஸ்டரிடம் சொன்னார்: "தராசுக்காரரு இருவத்தி ரெண்டுங்குறாரு. முள்ளு எங்க நிக்கிதுன்னு எனக்குத் தெரியணுங்க. அம்புட்டுத்தான்." இரண்டு மாதத்தில் முள்ளை வாசித்துவிட்டார். ஒரு மாலை தராசடியில் நின்று, "இருவத்தாறுல நிக்கிதுங்களே" என்றாராம், சத்தம் போடாமல். அதன்பிறகு தராசு அவருக்குச் சரியாகவே நிறுத்தது. ஆனால் விதித்ததைத் தாண்டித் தராசு இருபத்தாறு காட்டிய நாட்களிலும் செக்ரோலில் அரைப்பேர் விழுவதாக அவருக்குச் சந்தேகம். அது இலக்கத்தோடு முடியவில்லை. வரிசையாக எழுதிய அறுபது பெயர்களுக்குள் தன் பெயரைக் கண்டுபிடித்து, அதற்கு நேரே பார்க்கவேண்டும். எழுத்து அவருக்கு இன்னும் வசப்படவில்லை. சொல்லெழுத்தில் இருபத்தைந்துக்கு இரண்டு. கணக்கில் இருபத்தைந்துக்கு இருபது.

"இன்னும் ஒரு மூணு மாசம் இருந்துச்சுன்னா செக்ரோலப் படிச்சுப்புடுவேன் மாஸ்டர்" என்று புதன்கிழமை போகும்போது சொன்னார். வகுப்புக்கு இன்னும் மூன்று நாள்தான் நிச்சயம் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

என் சந்தேகம்: இவரை நான் நல்லவராகவே எழுதிக்கொண்டு போகிறேனோ? மேலே இருக்கும் பத்திகளைத் திரும்ப வாசித்தேன். ஒரு குறையும் இல்லை. மனிதர் அப்படி இருக்கமாட்டார். குறை தேடினேன். கருவாடு நிறுக்கும்போது என் தராசு முள்ளையும் உற்றுப் பார்ப்பார். அது குறையா?

6

வெள்ளிக்கிழமை, நவம்பர் 23. மழை. நாலரை மணிக்குக் கணக்கப்பிள்ளை முருகையா குடையை உதறிக்கொண்டு கடைக்குள் வந்தார்.

"நானா, கத்தரி இருக்கா? சீனி சுத்துற கடதாசியில ஒரு தாள் குடுங்க. துரை கூத்துக்கு நம்ம கூலி."

நீலக் கடதாசி ஒன்றைக் கொடுத்தேன். அவர் மேசை ஓரத்தில் என் பட்டியலை விரித்து, ஒவ்வொரு வரியாக விரலை இறக்கினார். மாலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது முணுமுணுப்பது போலவே முணுமுணுத்தார்:

"முழுப்பேரு ஆறு. அரைப்பேரு நாலு. ஆகப் பேரு எட்டு."

எட்டுத் துண்டு வெட்டினார். ஆறு துண்டில் ஒவ்வொரு பெயர். ஏழாவதில், பென்சிலை நாக்கில் தொட்டு, "நல்லம்மா – அங்கம்மா". எட்டாவதில் "இப்றாஹீம் – இத்ரூஸ்".

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விளையாடவில்லை. இருபது வருடம் செக்ரோல் எழுதிய கைக்கு அரை என்ற சொல்லைக் கண்டால் இன்னொரு அரையைத் தேடாமல் இருக்கத் தெரியாது. அந்தச் சொல்லைப் பட்டியலில் எழுதியவன் நான்.

வாய் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் தலைக்குள் அதற்குள் கணக்கு ஓடிவிட்டது. பத்து இல்லை, எட்டு. தேறியவர் அதே ஆறு. 6/8 × 5/7. ஐம்பத்தாறில் முப்பது. சுருக்கினால் 15/28.

பாதிக்கு மேல்.

மூன்றில் ஒன்றாக இருந்த வகுப்பு, ஒரு மனிதரின் பழக்கத்தால், பாதிக்கு மேலே ஏறிவிட்டது. யாரும் கள்ளத்தனம் செய்யவில்லை. நான் சும்மா இருந்தால் போதும்.

சும்மா இருந்தேன்.

[இந்தப் பத்தியை முதலில் வேறு மாதிரி எழுதியிருந்தேன்: "'கணக்கப்பிள்ளை ஐயா, படிக்கிறது பத்துப் பேராச்சே' என்று நான் உடனே..." அது நடக்கவில்லை. அடித்ததை வாசிக்கக்கூடிய மாதிரியே விட்டிருக்கிறேன்.]

7

நல்லம்மா அப்போது நனைந்த சாக்கைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டு கருவாட்டுக்கு வந்தார். மேசையில் கிடந்த நீலத் துண்டுகளைப் பார்த்தார். ஒன்றின்மேல் விரல் வைத்தார்.

"நல்... லம்... மா." நிறுத்தினார். மறுபடி விரல் நகர்ந்தது. "அங்... கம்மா. கணக்கப்பிள்ளையய்யா, ஒரு துண்டுல ரெண்டு பேரு இருக்குங்களே?"

முருகையா நிமிர்ந்தார். "அடி ஆத்தா! நீ வாசிக்கிறியா?"

"இத மட்டுந்தாங்க. ஏன் சேத்துப் போட்டிருக்கு?"

"ரெண்டு அரைப்பேரு சேந்தா ஒரு பேரு. இருவது வருசமா அப்படித்தான் கூட்டுறேன். இன்னைக்கு நீ வந்து எனக்குப் பாடம் எடுக்காத."

"கொழுந்துக்குச் சரிங்க. தொப்பிக்குள்ள போறதுக்கும் அரைப்பேரா?"

"போயி துரைகிட்டக் கேளு. இங்கிலீசு பேசுவியா?" அவர் சிரித்துக்கொண்டே குடையை எடுத்தார். "நானா, மடிச்சு ஒரு டின்னுல போட்டு வைங்க. நாளைக்கு எடுத்துக்கிறேன்."

அவர் போனபிறகு நல்லம்மா கருவாடு கேட்கவில்லை.

"லிஸ்ட்டு நீங்க எழுதினதுதானே சின்ன நானா. நீங்க ஒரு வார்த்தை சொல்லலாமே?"

நான் கொப்பியை எடுத்து விரித்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. "கொஞ்சம் கேளுங்க அக்கா. எட்டுத் துண்டு இருந்தா, வகுப்பு மிஞ்ச பாதிக்கு மேல இடம் இரிக்கி. பத்தா ஆக்கினா மூணில ஒண்டுதான். நம்ம எல்லாருக்கும்..."

"அப்ப நான் தனித் துண்டா உள்ள போனா வகுப்பு போயிரும்."

"அப்படிச் சொல்லல்ல."

"அப்படித்தானே கணக்கு?"

அப்படித்தான் கணக்கு.

அவர் நீலத் துண்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உதட்டோரச் சிரிப்பு வந்தது. ஆனால் அது வழக்கமான சிரிப்பு இல்லை.

"சோதனையில அந்தக் கூடைக் கணக்கு வந்துச்சே, ஞாபகம் இருக்குங்களா? கூடையோட முப்பத்தோரு இறாத்தல், கூடை மட்டும் நாலரை."

"இருபத்தாறரை" என்றேன்.

"மொதல்ல இருவத்தேழரைன்னு போட்டிருந்தீங்க. அப்பறம் என் சிலேட்டப் பாத்தீங்க."

நான் தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கினேன்.

"பாக்குறீங்கன்னு தெரிஞ்சுதான் கைய எடுத்தேன், நல்லாத் தெரியட்டும்னு" என்றார். "அத நான் யாருகிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஆனா எனக்கு ஒரு துண்டு வேணும் சின்ன நானா. முழுத் துண்டு. வகுப்பு என் பேருல போனாலும் போகட்டும். பாதிப் பேருல நிக்க வேணாம்."

"கருவாடு?" என்று கேட்டேன். என்னவோ ஒன்று கேட்கவேண்டும் என்பதற்காக.

"அரை இறாத்தல்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

8

முதல் பகுதியில் தள்ளிப்போட்டதை இப்போது எழுதிவிடுகிறேன். எனக்குச் சரியாக வந்த இரண்டு கணக்குகளில் ஒன்று நல்லம்மாவுடையது. அதற்கு ஐந்து புள்ளி. அதைக் கழித்தால் என் இருபத்தைந்து இருபதாகிவிடும். நான் தேறியவன் இல்லை.

இதை வைத்து மறுபடி கணக்குப் போட்டேன். ஆறிலிருந்து என்னை எடுத்தேன். கேள்வி கணக்கிலிருந்து வந்தால் நல்லம்மா சொல்லிவிடுவார். ஆகவே அவரைச் சேர்த்தேன். மறுபடி ஆறு. 6/10 × 5/9. மூன்றில் ஒன்று. விடை இம்மியும் மாறவில்லை. உள்ளே இருந்த ஆள் மாறியதைக் கணக்கு கவனிக்கவேயில்லை.

அப்படியென்றால் புதன்கிழமை எந்த ஆளைப் பற்றி நான் கணக்குப் போட்டேன்?

இரட்டைப் பெயர்த் துண்டுகள் இரண்டையும் கிழித்தேன். நாலு புதுத் துண்டு வெட்டி நாலு பெயரையும் தனித்தனியே எழுதினேன். நீலக் கடதாசி கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கட்டு இருந்தது. இருந்தும் என் கொப்பித் தாளை வெட்டினேன், வெள்ளைத் தாளை. ஏன்? துரையின் விரலில் வெள்ளை வந்தால், அது தேறாதவர் நாலு பேரில் ஒருவர் என்று மற்றவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும் அல்லவா, அதற்காக. சரியானதைச் செய்யும்போதும் எனக்கு மட்டும் ஒரு குறி வைத்துக்கொண்டேன். பயந்தவன் செய்கிற வேலை.

இன்னொன்று: கணக்கப்பிள்ளை பென்சிலில் எழுதியிருந்தார். நான் மையில் எழுதினேன்.

9

முடிவுகள்.

(அ) நல்லம்மாவின் பெயர் வருகிறது. துரை கூடைக் கணக்கையே கேட்கிறார். அவர் சொல்லிவிடுகிறார். ஸ்டோர் எங்களுக்கு. இதை எழுதி முடித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. நாம் விரும்புகிற கேள்வியை உலகம் கேட்பதில்லை.

(ஆ) என் பெயர் வருகிறது. துரை ஒரு கழித்தலைக் கேட்கிறார். நான் பக்கத்தில் பார்க்கிறேன், சிலேட்டு இல்லை. இது எனக்குத் தண்டனையாக அமையும், வாசிப்பவருக்கும் நிறைவாக இருக்கும். ஆனால் என் துண்டு நீலம், அது வரவில்லை.

(இ) கணக்கப்பிள்ளை டின்னைத் திறந்து எண்ணுகிறார். பத்து இருக்கிறது. "யாரு வேலை இது?" என்று...

அவர் எண்ணவில்லை. நான் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டு போனார்.

10

துரை தொப்பியைக் கழற்றினார்.

சனிக்கிழமை மாலை, தராசு முடிந்து ஐந்து மணி. பங்களாவிலிருந்து குதிரையில் மழைக்குள்ளேயே வந்ததால் தொப்பி நனைந்திருந்தது. முருகையா டின்னைக் கவிழ்த்தார். நாங்கள் பத்துப் பேரும் ஸ்டோரின் பலகைத் தரையில் உட்கார்ந்திருந்தோம். மாஸ்டர் கதவருகே நின்றார். ஒரு சுண்ணக்கட்டியைக் கைக்குள் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார்.

முதல் துண்டு நீலம். துரை தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறியவர், எழுத்துக் கூட்டித் தானே வாசிப்பதில் அவருக்குப் பெருமை. "ரெங்...க...சாமி." ரெங்கசாமி எழுந்தார்.

"பதினாறு பொம்பளை. ஒரு ஆளுக்கு இருபத்தெட்டு இறாத்தல். மொத்தம்?"

ரெங்கசாமி கண்ணை மூடினார். அவர் உதடு மூன்று தடவை அசைந்ததை எண்ணினேன். "நானூத்தி நாப்பத்தெட்டுங்க தொரை."

"சரி."

அந்த ஒரு சொல்லுக்கு யாரோ பெருமூச்சு விட்டார்கள். தொப்பிக்குள் மிஞ்சியது ஒன்பது. தேறியவர் ஐந்து, தேறாதவர் நாலு. ஒன்பதில் ஐந்து. பாதிக்கு மேல் என்று மனம் உடனே சொல்லிற்று. அந்தக் குரல் எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

துரை மறுபடி கை விட்டார். துழாவினார். எடுத்தார்.

வெள்ளை.

எனக்கு மட்டும் தெரிந்தது. நாலு பேரில் ஒருவர். நான் நல்லம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

துரை துண்டைப் பிரித்தார். தொப்பியின் ஈரம் என் மையைக் கரைத்திருந்தது. துண்டின் முன்பாதி முழுக்க நீலக் கறை. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், முருகையாவிடம் காட்டினார். முருகையா அதை மூக்குவரை கொண்டுபோனார்.

"ம்மா" என்றார் துரை. "ம்மா. எந்த ம்மா?"

இப்றாஹீம் இல்லை. இத்ரூஸ் இல்லை. இராக்கம்மாவும் ரெங்கம்மாவும் நீலத்தில் இருக்கிறார்கள். நாலு இரண்டாகிவிட்டது. நல்லம்மா, அல்லது அங்கம்மா. காசு சுண்டிய மாதிரி. அரைப்பேர்.

முருகையா, தான் சேர்த்து எழுதிய துண்டுதான் அது என்று நினைத்து, "நல்லம்மா, அங்கம்மா" என்று கூப்பிட்டார். இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

11

இங்கே நிறுத்துகிறேன். அடுத்து என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். இந்தச் சந்தியில் எல்லாருக்கும் தெரியும். லுணுகலைப் பக்கம் வந்தால் யாரையும் கேட்கலாம். எழுதமாட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

இதை எழுதி முடித்துத் திரும்ப வாசித்தபோது ஒன்றைக் கண்டேன். நீங்கள் இந்நேரம் அந்தத் துண்டு நல்லம்மாவுடையதாக இருக்கவேண்டும் என்று விரும்பிக்கொண்டிருப்பீர்கள். விரும்பவைத்தது நான். அவருக்குப் பேச்சுக் கொடுத்தேன், தராசு கொடுத்தேன், கருவாடு கொடுத்தேன். அங்கம்மாவுக்குப் பதினான்கு புள்ளியும், நீலத் துண்டில் பாதி இடமும் கொடுத்தேன். பத்துப் பகுதி எழுதியும் அவரை ஒரு வார்த்தை பேசவிடவில்லை. முருகையாவின் துண்டைக் கிழித்துப் போட்டவன் கதைக்குள் அதே துண்டை மறுபடி எழுதியிருக்கிறேன்.

எட்டாம் பகுதியில் என்னை எடுத்து நல்லம்மாவைச் சேர்த்தேனே, அப்போது அங்கம்மாவை நினைத்தேனா என்று கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். இல்லை.

அதனால் முடிவு உங்களிடம். ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒரே அளவில் வெட்டுங்கள், தயவு செய்து. ஒன்றில் நல்லம்மா, ஒன்றில் அங்கம்மா. பென்சிலில் எழுதுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். எது வந்தாலும், அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வருமுன் அவர் புள்ளியைப் பார்க்காதீர்கள்.

நான் பார்த்தவரை மட்டும் சொல்கிறேன். இருவரும் நின்றார்கள். நல்லம்மாவின் கை சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தது. துரை இன்னும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அங்கம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, எதையோ முன்கூட்டியே சொல்லிப் பார்ப்பது போல. அது கணக்கா, எழுத்தா, என்ன என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.